உச்சி மாடிக்கு ஒரு வெள்ளோட்டம்

“அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் பசங்களும் வரோம்டி. உன் வீட்டுக்காரர் வேலை பாக்கறாரே, அந்தக் கோபுரத்து உச்சிக்கு எங்களைக் கூட்டிட்டுப் போயே ஆகணும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்று அக்கா போனில் சொன்னதும், தங்கை வழக்கம்போல “சரிக்கா” என்றாள். அக்கா எது சொன்னாலும் “சரிக்கா” என்பது சின்ன வயதிலேயே அவள் நாக்கில் ஒட்டிக்கொண்ட பதில். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். கணவர் இன்னமும் அந்தக் கோபுரத்தில்தான் வேலை பார்க்கிறாரா என்பதே கொஞ்ச நாளாக அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்படுவது அவள் பிழைப்பு. ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறை மேசையில் வேலை. ஹோட்டல் விரிப்பு, மருத்துவமனை அங்கி, சாப்பாட்டு மேசைத் துணி எல்லாம் இயந்திரத்துக்குள் போகும் முன் அவளிடம் வரும். விளக்கடியில் விரித்துப்போட்டு, எங்கே கறை, என்ன கறை, இன்றையதா போன வாரத்ததா என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தைத் தடவி அனுப்புவாள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தவள். நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கக் கூச்சம். திறந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் கூடத்தில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள், அவசரத்துக்குப் பூதம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கோபுரம் திறந்த காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஊர் ஜனம் லிஃப்டுக்கு உள்ளே நின்று மேலே போகும். அவர் அந்தப் பெட்டியின் கூரைமேல், இருட்டுக் குழிக்குள் மண்டிபோட்டு, கம்பி வடத்தையும் உருளைகளையும் கவனிப்பார். வீட்டுக்கு வரும்போது சட்டையின் வலது கையிலும் இரண்டு முழங்காலிலும் கறுப்பு கிரீஸ் அப்பியிருக்கும். “உன் புருஷனைப் பிழிஞ்சா ஒரு லாரிக்கு எண்ணெய் போடலாம்டி” என்று அக்கா அவர் காதுபடவே கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். ஊராரின் அழுக்கை இயந்திரம் வெளுத்தாலும், கணவரின் சீருடையை மட்டும் அவள் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து கையால்தான் துவைப்பாள். அந்தக் கிரீஸ் அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட சட்டை ஒரு நாள் சுத்தமாக வந்தது. ஒரு நாள்தானே என்று விட்டாள். அடுத்தடுத்த நாளும் சுத்தம். கிரீஸ் இல்லை, தூசி இல்லை. கழுத்துப் பட்டையில் ஏதோ செண்ட் வாசனை வேறு.

“இப்பல்லாம் வேலை கம்மியா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். பதில் இல்லை. சமீபகாலமாக அதுவும் ஒரு வழக்கமாகியிருந்தது. அவள் பேசுவாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனசு வேறெங்கோ இருக்கிற ஆளைப்போல. தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து மறுபடி கேட்டபோது, “ஏன் கேக்கறே?” என்றார்.

“சட்டையில அழுக்கே இல்லையே.”

“ஓ” என்றார்.

மறுநாள் சட்டையில் கறை இருந்தது.

அந்தக் கறையைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. வேலை செய்து பட்ட கிரீஸ் என்றால் தூசியோடு சேர்ந்து இழைக்குள் இறங்கியிருக்கும், இழுபட்டிருக்கும், தேய்ந்திருக்கும். இது பொட்டு வைத்த மாதிரி மேலாக உட்கார்ந்திருந்தது. அதுவும் சட்டைப் பையின்மேல். மண்டிபோடுகிறவருக்குப் பையில் எப்படிக் கறை வரும்? முழங்காலில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. அடுத்த நாளும் அதே பை, அதே இடம். விரலால் தொட்டு வைத்திருக்கிறார். கறையை மறைக்கப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேரின் துணியை அவள் பார்த்திருக்கிறாள். கறையை வைத்துக்கொண்டு வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் போன். அன்று சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது.

“ஞாயித்துக்கிழமையா? கூட்டம் அம்மும். மேல நிக்கக்கூட இடம் இருக்காது.”

மறுநாள் காலையில் செருப்பை மாட்டும்போது, அவள் கேட்காமலே, “மேல இப்ப ஒரே பனி. பஞ்சு மூட்டைக்குள்ள நின்ன மாதிரி இருக்கும். உங்க அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றார்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, “கண்ணாடி மாத்தற வேலை வேற நடக்குது போல” என்றார்.

“போலன்னா? அங்கதானே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மூன்று சொன்னதில் மூன்றுமே பொய் என்று தெரிந்துவிட்டது.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு வானொலி என்று பெயர். வேலை தொடங்கியதிலிருந்து முடிகிறவரை வாய் ஓயாது. யாரிடமும் சொல்லாத பூதக்கண்ணாடி அவளிடம் போய்ச் சொன்னாள். நாலு பேர் காதுக்குப் போகும் என்று தெரியும். ஆனாலும் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“சட்டை சுத்தமா வருதா? செண்ட் வாசனை அடிக்குதா? பேசினா காதுல வாங்கறதில்லையா?” வானொலி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “போச்சு, பூதம். இது இன்னொரு வீடு.”

“சும்மா இருடி. வேலை போயிருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“வேலை போனவன் தாடி வளப்பான். செண்டா அடிப்பான்? அந்தக் கோபுரத்துல டிக்கெட் கொடுக்கற பொண்ணுங்கல்லாம் பளபளன்னு இருக்குமாம். என் தங்கச்சி பாத்துட்டு வந்து சொன்னா.”

“அவருக்கு அந்த மாதிரி புத்தியெல்லாம் கிடையாது.”

“கிடையாதுன்னா எதுக்கு என்கிட்ட வந்து முழிக்கறே?”

பயம் எதில் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய் வாசலில் நிற்கும்போது, அப்படி ஒரு மெக்கானிக்கே இங்கே இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? அதைவிட, அவர் இருந்து, கூட யாராவது இருந்துவிட்டால்? அக்காவின் முகத்தில் வரப்போகும் அந்தச் சிரிப்பு இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

“ஒண்ணு பண்ணு” என்றாள் வானொலி. “அக்கா வரதுக்கு முன்னாடி நீ மட்டும் போய் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாத்துடு. எது இருந்தாலும் முதல்ல நீ பாரு. பாக்கறதுக்கு உன்னைவிட்டா ஆள் யாரு?”

அடுத்த நாள் மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் உண்மையிலேயே தலை வலித்தது.

கோபுரத்தின் கீழ்த்தளம் சலவைக்கூடத்தைவிடப் பெரிதாக, கால் வைக்கக் கூசும்படி பளிங்காக இருந்தது. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குள் ஒரு பெண். பூதக்கண்ணாடி அவளை உச்சி முதல் மேசைவிளிம்பு வரை ஒரு அலசு அலசினாள். நகப்பூச்சு, நேற்று வைத்தது. சட்டைக் கைவிளிம்பில் பேனா மை, இன்றையது. கிரீஸ் எங்கேயும் இல்லை. ‘இங்க மெக்கானிக் ஒருத்தர்’ என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பின்னால் நின்ற ஆள் இருமியதும் “ஒரு டிக்கெட்” என்று மட்டும் சொன்னாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். அரக்கு நிறக் கோட்டு, தங்க நிறப் பொத்தான், தலையில் வட்டத் தொப்பி, கையில் வெள்ளைக் கையுறை. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய் அவருக்கு இடது பக்கம் மூலையில் சொருகியது. கோட்டிலிருந்து அடித்த செண்ட் வாசனை முதலில் தெரிந்தது. பிறகு கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவில் மணிக்கட்டுத் தழும்பு தெரிந்தது. எப்போதோ கம்பி வடம் கிழித்த தழும்பு. அதற்கு அவள்தான் மருந்து போட்டாள்.

“எல்லாரும் வாங்க, வணக்கம்” என்றார் அவள் கணவர், மேடையில் பேசுகிறவர்போல. “மேல போகப் போகக் காது அடைக்கும். எச்சிலை முழுங்கினா சரியாயிடும்.” பிறகு பல்லைக் காட்டிச் சிரித்தார். வீட்டில் அவள் ஒருநாளும் பார்த்திராத சிரிப்பு அது. அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “என்னங்க” என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் குரல்தான் சின்னது, ஆனால் அவளுக்கு முன்னால் நின்ற அம்மாள், “ஏன் சார், மேல எவ்வளவு நேரம் இருக்கலாம்?” என்று கணீரென்று கேட்டாள். அதற்கும் திரும்பவில்லை. “சார், உங்களைத்தான்!” அப்போதும் அந்தத் தைத்த சிரிப்போடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்திலிருந்து ஒரு கிழவர் மெதுவாக, “தம்பி, அந்தம்மா கேக்கறாங்க” என்றதும் சட்டென்று திரும்பி, “சொல்லுங்கம்மா, மன்னிச்சுக்குங்க” என்றார்.

பூதக்கண்ணாடியின் கோபம் பாதி வழியிலேயே நின்றது. வீட்டில் அவர் சாப்பிட உட்காரும் இடம் நினைவுக்கு வந்தது. அடுப்பு இருப்பது அவருக்கு இடது பக்கம். இத்தனை நாளாக அவள் அடுப்படியிலிருந்து ஒரு செவிட்டுக் காதோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தொப்பிக்காரர் கண்ணில் படாமல், கூட்டத்தோடு கூட்டமாக உச்சி மாடியில் இறங்கினாள். பனியும் இல்லை, கண்ணாடி மாற்றும் வேலையும் இல்லை. சுற்றிலும் கண்ணாடிச் சுவர். கீழே ஊர் முழுக்க விரித்துப்போட்ட துணிபோலக் கிடந்தது. எல்லோரும் தங்கள் வீடு எங்கே, கடைத்தெரு எங்கே என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லிஃப்ட் கதவையே பார்த்தாள். அது திறக்கும், அவர் குனிந்து வணக்கம் சொல்வார், மூடும். மறுபடி திறக்கும். கூரைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்து போன ஆள்.

சாயங்காலம் வேலையாட்கள் வெளியே வரும் பின்வாசலில் காத்திருந்தாள். அவர் பழைய சீருடையில் வந்தார். மதிலோரம் நின்று, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, சட்டைப் பையை நோக்கிக் கொண்டுபோனார்.

அவள் வலது பக்கமாகப் போய் நின்றாள். “பையில வேண்டாங்க. முழங்கால்ல வைங்க.”

டப்பா கீழே விழுந்து உருண்டது. “நீ… எப்ப வந்தே?”

“உங்க லிஃப்ட்லதான் வந்தேன். எச்சிலை முழுங்கச் சொன்னீங்க. முழுங்கினேன்.”

அவர் மதில் திட்டில் உட்கார்ந்துவிட்டார். விரலில் கிரீஸ் அப்படியே இருந்தது. நடந்ததைச் சொன்னார். கூரைமேல் இருந்தபோது, கூட வேலை செய்பவன் கீழேயிருந்து நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறான். இவர் காதில் விழவில்லை. லிஃப்ட் பெட்டி நகர்ந்துவிட்டது. அவன் எப்படியோ காலை இழுத்துக்கொண்டான். கருவிப் பெட்டிதான் அப்பளமாகிவிட்டது. சூப்பர்வைசர் விசாரித்தபோது, இடது காது ரொம்ப நாளாகவே மந்தம் என்று இவரே ஒப்புக்கொண்டார்.

“நல்ல மனுஷன். வீட்டுக்கு அனுப்பல. கோட்டைக் கொடுத்துட்டார். ரெண்டு ஷிஃப்டுக்கும் ஒரே கோட்டு. வேர்வை நாறக் கூடாதுன்னு செண்டைக் கொட்டறாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்ல? கிரீஸோட வந்தப்பவே உங்க அக்கா சிரிச்சாங்க. அதுவாவது வேலை பாத்த கிரீஸ். இது என்ன? பொத்தானை அமுக்கறேன், பல்லைக் காட்டறேன்.” அவர் அவளை உற்றுப் பார்த்தார். “ஆமா, நீ எதுக்கு வந்தே? வேவு பாக்கவா?”

“ஆமா” என்றாள் அவள். பொய் இன்றைக்கு ஒன்று போதும்.

“என்னன்னு நெனைச்சே?”

“டிக்கெட் கொடுக்கற பொண்ணு.”

“அதுவா? அது என்னைத் தாத்தாங்குது!”

அவர் சிரித்தார். இது வீட்டுச் சிரிப்பு. அவளுக்கும் வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்து முடித்ததும் அவர் முகம் மறுபடி சுருங்கியது. “ஞாயித்துக்கிழமை லிஃப்ட் ரிப்பேர்னு உங்க அக்காகிட்ட சொல்லிடேன்.”

“சொல்ல மாட்டேன். உங்க லிஃப்ட்லதான் ஏறுவோம்.”

“சிரிப்பாங்க.”

“சிரிச்சா உங்களுக்கு இடது பக்கம் நிக்க வெச்சுடறேன்.”

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். இரண்டு கடை தாண்டியதும் அவள் கேட்டாள்:

“காதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“ஓ, அப்பவே காட்டிட்டேனே.”

“என்ன சொன்னார்?”

“சொட்டு மருந்து கொடுத்தார்.”

“வீட்டுல பாக்கலையே.”

“தீந்துபோச்சு.”

“டாக்டர் ஆம்பளையா, பொம்பளையா?”

“அது… அங்க ரெண்டு பேரு இருந்தாங்க.”

அவள் நடையை நிறுத்தாமலே அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். விளக்கடியில் துணியைப் பார்க்கிற அதே பார்வை. “நாளைக்கு நான் லீவு போடறேன். அந்த டாக்டர் எந்தத் தெருவுல இருக்கார், சொல்லுங்க. சேந்தே போலாம்.”

அவர் காதில் விழாதவர்போல வேகமாக நடந்தார். ஆனால் அவள் வந்துகொண்டிருந்தது வலது பக்கம்.