ஓகினு செதுக்கிய சாவுப் படம்

எடோ நகரில், அசாகுசாவில், எங்கள் சந்தில் மட்டும் அச்சுக்கட்டை செதுக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் முகமும் தலைமுடியும் செதுக்க வேண்டும் என்றால் படக்கடைக்காரர்கள் மற்ற கதவுகளையெல்லாம் தாண்டி ஓகினுவின் கதவுக்குத்தான் வருவார்கள். துணி மடிப்பு, மரம், மழை இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செதுக்கலாம். நெற்றியோரத்தில் முடி தோலை விட்டுக் கிளம்புகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு அரிசி அகலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கோடுகள் நிற்க வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது, முறியவும் கூடாது. ஓவியர்கள் அந்த இடத்தை வரைந்துகூடத் தர மாட்டார்கள். வளைவாக ஒரு கோடு இழுத்துவிட்டு மீதியைச் செதுக்குகிறவர் கைக்கு விட்டுவிடுவார்கள்.

நான் ஜின்ரோகு, அச்சுப் போடுகிறவன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அவள் சுத்தியல் தட்டுகிற வேகத்தை வைத்தே இன்றைக்கு வேலை லேசா கடினமா என்று என்னால் சொல்ல முடியும். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் புருஷன் வீட்டிலிருந்து தன் உளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உண்மையில் அந்தத் தொழில் அவளுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. அவள் அப்பா கியுபெய் தன் மகன் யசுகிச்சிக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். யசுகிச்சிக்குப் பத்தொன்பது வயதானபோது ஊர் ஊராகப் போகிற நாடகக் கூட்டம் ஒன்று அசாகுசாவில் கொட்டகை போட்டது. கூட்டம் கிளம்பிய அன்று அவனும் கூடவே கிளம்பிவிட்டான். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். கியுபெய் பிரிக்காமலே கரி அடுப்பில் போடுவார். அப்போது பதினைந்து வயதாயிருந்த ஓகினு, அண்ணன் போன மூன்றாம் நாள் அவனுடைய பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்பா உட்கார் என்றும் சொல்லவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை.

ஒசாகாவில் யசுகிச்சி பெண் வேஷம் கட்டி, உமேனோஜோ என்று பெயர் மாற்றி, பெரிய நடிகனாகிவிட்டான். எடோவிலும் அவன் படங்கள் விற்கத் தொடங்கின. அவன் முகம் வந்தால் மட்டும் ஓகினு வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒசாகா நடிகர்களை அவளுக்குப் பிடிக்காது என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். சந்துக்குள் எங்களுக்கு விஷயம் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அமெரிக்கர்களின் கருங்கப்பல்கள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஐந்தாம் மாதம். மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரு காலை நானும் ஓகினுவும் அவள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். படக்கடைக்காரர் தோபெய் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னிக்கே செதுக்கியாகணும் ஓகினு. நாளைக்கு விட்டா ஊர்ல இருக்கிற எல்லாக் கடைக்காரனும் போட்டுடுவான்" என்றார்.

சாவுப் படம். பெயர் பெற்ற நடிகர் இறந்தால் மறுநாளே கடையில் தொங்கும். வெளிர்நீலச் சடங்கு உடை, கையில் ஜெபமாலை, பக்கத்தில் ஒரு பச்சைக் கிளை. தோபெய் தாளை விரித்தார். மேலே பெயர் எழுதியிருந்தது.

கோடைக்கால நாடகத்துக்காக உமேனோஜோ எடோவுக்கு வந்துகொண்டிருந்தானாம். வழியில் பாலமில்லாத ஓய் ஆற்றில் திடீர் வெள்ளமாம். ஆளைச் சுமந்து போன பல்லக்குப் பலகை நடு ஆற்றில் கவிழ்ந்துவிட்டதாம். நேற்று அஞ்சல்காரன் கொண்டுவந்த சேதி இது என்றார் தோபெய்.

ஓகினு கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனாள். தட்டு இருந்த இடம் அவள் கைக்குத் தெரியவில்லை. கிண்ணம் காற்றில் விடுபட்டுப் பாயில் உருண்டது. தேநீர் பரவி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நனையாதபடி அந்தத் தாளை மெல்ல நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. தோபெய் பேசுவது எங்கேயோ அடுத்த தெருவில் கேட்பது போலிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"உடம்பு கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

அவனுடைய அங்கியோடு ஒரு உடல் கரை ஒதுங்கியதாகச் சொல்கிறார்கள் என்றார் தோபெய். தாளின் மூலையில் இறந்த தேதி, வயது, கோவில், புத்த குருமார் இறந்தவருக்கு வைக்கிற பெயர் எல்லாம் எழுதியிருந்தது. கோவிலையும் பெயரையும் தானே யோசித்து எழுதியதாக அவர் கூசாமல் ஒப்புக்கொண்டார். வயது முப்பத்து மூன்று என்றிருந்தது.

"முப்பத்தாறு" என்றாள் ஓகினு.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். மாத்துங்க."

அவர் மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். இதை நீ ஏன் ஏத்துக்கிட்டே, வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன் என்று நான் கெஞ்சினேன். "வேற யாராவது தொட்டா மூஞ்சியக் கெடுத்துடுவாங்க" என்றாள். அதற்கு மேல் பேச இடம் கொடுக்கவில்லை.

செர்ரி மரப் பலகையில் பசை தடவி, ஓவியத்தைக் கவிழ்த்து ஒட்டினாள். அப்படி ஒட்டினால்தான் அச்சில் நேராக விழும். கட்டையில் மட்டும் முகம் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். பிறகு ஈர விரலால் தாளின் முதுகைத் தேய்த்துத் தேய்த்து உரித்தாள். கோடு மட்டும் மரத்தின்மேல் ஒரு தோல்போல நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் தடவியதும் அண்ணன் முகம் பளிச்சென்று எழுந்தது. இந்த வேலையில் ஓவியம் மிஞ்சாது. கத்தி போகப் போகத் தாள் தூளாகிவிடும். அன்றைக்கு அவள் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போக, அந்த முகம் துண்டு துண்டாகக் காணாமல் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சுத்தியல் சத்தம் எப்போதும்போல ஒரே சீராக இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கட்டை என்னிடம் வந்தது. மையும் கொஞ்சம் பசையும் சேர்த்துத் தடவி, ஈரத்தாளைக் கட்டையின் மூலையில் வெட்டிய அடையாளத்தில் பொருத்தி, மூங்கில் உறை சுற்றிய தேய்ப்பானால் தேய்த்து எடுத்தேன். பார்த்ததும் திடுக்கிட்டேன். வலது காதுக்கு முன்னால், முடிக்கோடுகளுக்கு நடுவே, ஒரு அரிசி அளவு வெறுமையாக இருந்தது. பதினேழு வருஷத்தில் அவள் கத்தி தவறி நான் பார்த்ததேயில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்க அவனுக்கு முடி கிடையாது. எனக்கு ஆறு வயசுல கொதிக்கிற பசைச் சட்டிய அவன் மேல தட்டி விட்டேன். தானே கொட்டிக்கிட்டதா அப்பாகிட்ட சொல்லி அடி வாங்கினான்" என்றாள்.

மேடையில் பொய்முடி அதை மறைத்துவிடும். ஓவியருக்கு எப்படித் தெரியும்? தோபெய் மட்டும் மறுநாள் காலை அந்த இடத்தைக் கண்டுபிடித்து முணுமுணுத்தார். கட்டை அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். வெளிர்நீலத்துக்கு ஒன்று, ஊதாவுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று மற்ற கட்டைகளும் முடிந்தன. நான் இருநூறு தாள் போட்டேன். அன்று மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. இன்னும் இருநூறு. கடை முன்னால் பெண்கள் படத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுததைத் தோபெய் வந்து பெருமையாகச் சொன்னார். ஓகினு கேட்டுக்கொண்டே சிராய்களைக் கூட்டினாள்.

ஒன்பதாம் நாள் மழை விட்டது. அவள் ஏதோ அலைகள் செதுக்கிக்கொண்டிருந்தாள். உலர்ந்த கட்டைகளை வாங்கிப் போக நான் வந்து நின்றேன். கதவு நகர்ந்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒருவன் வாசலில் நின்றான். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் மடித்த ஒரு படம். தொப்பியைக் கழற்றினான்.

நானூறு தடவை என் கை தேய்த்த முகம். கட்டைகளைக் கீழே போட்டேனா வைத்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

ஓகினு முதலில் அவன் காலைத்தான் பார்த்தாள். எங்கள் ஊர்ப் பேய்களுக்குக் கால் கிடையாது. இரண்டு காலும் இருந்தன, அறுந்துபோன புல்செருப்போடு. அவள் கத்தி அலையைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு பலகையின் ஓரம் வரை போய்விட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"கினு" என்றான் அவன். படத்தை விரித்துக் காதோரத்தைக் காட்டினான். "காலையில ஷினகாவாவுல கடைவாசல்ல நானே தொங்கிட்டிருந்தேன். என்னைக் கண்டு கடைக்காரி பிரார்த்தனை சொல்ல ஆரம்பிச்சுட்டா. அப்புறம் இதைப் பார்த்தேன். எனக்குப் பொய்முடி கட்டுறவரை விட்டா இது தெரிஞ்சவ நீ ஒருத்திதான். அங்கேருந்து நிக்காம நடந்து வரேன்."

வெள்ளத்தில் போனது அவனுடைய சாமான் தூக்கி வந்த தாமெசோ என்பவர். மழையில் நடுங்கினார் என்று இவன்தான் தன் அங்கியைப் போர்த்திவிட்டிருக்கிறான். ஆறு அடங்கும்வரை அந்தக் கரையிலேயே இவன் காய்ச்சலோடு கிடந்திருக்கிறான். "அந்த மனுஷனுக்கு யாரும் படம் போடலை" என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்தான்.

ஓகினு எழுந்து வந்தாள். அவன் காதோரத்துத் தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அப்பா வெளிய போயிருக்காரா? திட்டினாலும் திட்டட்டும்."

அந்த நொடியில் ஓகினுவின் முகம் போன போக்கை நான் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை. கியுபெய் செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கடிதம் போட ஒசாகா முகவரி அவளிடம் இருந்தது. அவள் போடவில்லை. விட்டுட்டுப் போனவனுக்கு எதுக்கு என்று அப்போது என்னிடம் சொன்னாள், நானும் வற்புறுத்தவில்லை. நான்கு வருஷமாக இவன் ஒரு செத்த மனிதருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அவையும் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன.

"அப்பா இல்லண்ணே" என்றாள். "நாலு வருஷம் ஆச்சு. நான்தான் சொல்லலை."

அவன் புரியாதவன்போல என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் கையிலிருந்த படத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "இதைப் பார்த்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கை இருக்கிற இடம் தெரியலை."

"ம். அப்படித்தான் இருக்கு."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். நான் என் வீட்டுக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டேன். மெல்லிய சுவர், எல்லாம் கேட்டது. அது எழுதுவதற்கில்லை.

மறுநாள் அப்பாவின் கல்லறைக்குப் போனார்கள். தாமெசோவுக்கும் ஒரு நினைவுப் பலகை எழுதி வைத்தார்கள். ஓகினு தோபெய் கடைக்குப் போய், அந்தக் கட்டையைத் தன் கையாலேயே இழைப்புளி வைத்துச் சீவிப் போட்டாள். தோபெய் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. செத்தவர் மீண்டு வந்தார் என்று புதுப் படம் போடலாமே என்றுதான் கேட்டார். அவள் இழைப்புளியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

செத்துப் பிழைத்தவனைப் பார்க்க ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனது. ஓகினுவும் ஒரு நாள் வந்தாள், நானும் போனேன். கடைசிக் காட்சியில் அவன் ஏற்ற பெண் விஷம் குடித்துச் சாக வேண்டும். அவன் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் ஓகினு எழுந்துவிட்டாள். மடியிலிருந்த சோற்றுப் பெட்டி சரிந்ததுகூடத் தெரியாமல், ஆட்களின் தோள்களை மிதிக்காத குறையாக வெளியே போனாள். ஆற்றங்கரையில் கண்டுபிடித்தேன். "நடிப்புன்னு தெரியும் ஜின்ரோகு அண்ணே. தெரிஞ்சும் உடம்பு கேக்கலை" என்றாள். அதன்பின் அவள் அவனை மேடையில் பார்க்கவேயில்லை. அவன் எடோவுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் வைத்துப் பார்ப்பாள். சண்டையும் போடுவார்கள், பழைய சண்டையைத்தான். சாவுப் படம் கொண்டு வருகிறவர்களிடம் மட்டும், போய்க் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்க்கவில்லை என்றால் கதவு மூடிக்கொள்ளும்.

ஓகினு நாற்பத்தெட்டாவது வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அண்ணன் அப்போது நகோயாவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தான். கடிதம் எழுதினால் வேகமாகப் போகும் என்றார்கள். நான் எழுதவில்லை. அறுபது வயதுக் காலோடு பத்து நாள் நடந்து போனேன். ஒப்பனை அறையில் அவன் பாதி முகத்துக்கு வெள்ளை பூசியிருந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு, பூசாத பாதி முகத்தை என் பக்கம் திருப்பி, வழியில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டான்.