மரியாதைக்கு ஒரு தவணை

தவநாயகம் சேர் போய்விட்டார்.

இன்று காலை என் கேஸ் விசாரணைக்காக வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. எதிர்ப்பக்க லோயரின் போனுக்குத்தான் முதலில் வந்தது...

இடக்கையால் டைப் பண்ணுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகப் பக்கம் ஒரு மீன் கம்பனியில் வேலை செய்தபோது, ஐஸ் உடைக்கிற மெசினில் என் வலது கை விரல்கள் போயின. என் கவலையீனம்தான் காரணம் என்றது கம்பனி. மெசினுக்கு மூடியே இருக்கவில்லை என்று நட்டஈட்டுக் கேஸ் போட்ட லோயர்தான் சேர்.

கேஸ் இழுபட்டது. ஒரு முறை விசாரிக்கிற அதிகாரி லீவு, ஒரு முறை கம்பனி ஆள் வரவில்லை... ஒவ்வொரு முறையும் வேறு திகதிக்குத் தள்ளிவைப்பார்கள். தவணை, தவணை. அந்தச் சொல்லைக் கேட்டாலே சேருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அவையளுக்குத் தவணை எண்டால் லீவு மாதிரி. உமக்குத்தான் பிள்ளை, இன்னும் கொஞ்சக் காலம் சீரழிவு."

பிறகு சேருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன். குரல் காற்றாகிவிட்டது. "வேற லோயர் பாப்பம்" என்று அவரே என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அங்கேதான் கூத்து. டவுனில் அரைவாசி லோயர்மார் அவரிடம் ஜூனியராக இருந்தவர்கள். கண்டதும் எழும்பி நிற்பார்கள், கதிரை இழுத்துப் போடுவார்கள், பிளேன்டீ வரும்.

"சேர்ன்ட கேஸில நான் கை வைக்கிறதோ? உங்களுக்குச் சுகம் வந்திடும், நீங்களே பேசுவீங்கள்."

எந்த ஒஃபிசுக்குப் போனாலும் இதே கதை. பிளேன்டீ கிடைத்தது, லோயர் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஒருவரின் மேசையில் சேர் ஓங்கி அடித்தார். "எனக்கு மரியாதை போதும் தம்பி. இவவுக்கு லோயர் வேணும்!"

அந்தத் தம்பியும் எடுக்கவில்லை.

அப்படித்தான் கிண்ணியாவில் இருக்கிற லோயர் றிஸ்மியா மிஸ்ஸிடம் போனோம். சின்ன வயது. அவவும் எழும்பித்தான் நின்றா. ஆனால் பிறகு உட்கார்ந்து, எங்களை வைத்துக்கொண்டே ஃபைலை முழுக்க வாசித்தா.

"தலைமுடிய எப்படிக் கட்டுறீங்க?" என்று என்னிடம் கேட்டா. இத்தனை காலத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"அக்காதான் கட்டிவிடுறா" என்றேன். எழுதிக்கொண்டா.

பிறகு சேரைப் பார்த்து, "இனி ஒங்களுக்குப் பேச ஏலா சேர். கேஸ என்கிட்டத் தாங்க."

எனக்குத் திக்கென்றது. சேர் சிரித்தார்... சத்தமே இல்லாமல், தோள் குலுங்க.

திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தடியில் ஓட்டோவை நிற்பாட்டி எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை. அவருக்கு விழுங்க ஏலாது என்று அப்போதுதான் உறைத்தது.

இன்று எதிர்ப்பக்க லோயர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார். நடிப்பில்லை. அவரும் சேரின் ஜூனியர்தான்.

"சேருக்கு மரியாதையா இண்டைக்குத் தவணை எடுப்பம் மிஸ். ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

மிஸ் என்னைப் பார்த்தா. அவவுக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்படியே எழும்பிச் சேர் வீட்டுக்கு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது.

"இண்டைக்கே சாட்சி சொல்லுறன் மிஸ்" என்றேன்.

நடுவில் ஒருக்கா நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன். மூடி இல்லாத மெசின், அக்கா கட்டிவிடும் தலைமுடி... எல்லாம் பதிவாகிவிட்டது. முடிவு என்னவாகுமோ தெரியாது.

அங்கிருந்து நேரே மரண வீடு. முற்றம் முழுக்க லோயர்மார். கேஸ் இருந்தவர்கள் எல்லாம் தவணை எடுத்துவிட்டு நேரத்தோடு வந்திருந்தார்கள். நானும் மிஸ்ஸும்தான் கடைசி.

போயிட்டு வாங்கோ சேர்.

பிந்தித்தான் வந்தனாங்கள்... தவணை எடுக்கேல்லை.