சத்தத்தைக் குறைத்தபோது கேட்ட குரல்

என் மனைவிக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. சீக்கிரமே முழுவதும் போய்விடும் என்றார் டாக்டர். அதற்குள் எங்கள் மகள் பாடி அனுப்பிய பாட்டை அவள் ஆசைதீரக் கேட்கட்டும் என்று, கள்ளக்குறிச்சியில் காருக்குப் புது ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் போட்டேன். பாட்டைப் போட்டால் மகளின் குரல் கரகரத்தது. வயரை மாற்றியும் தீரவில்லை. கல்வராயன் மலைப்பாதையில் காரை நிறுத்திவிட்டு அழுதேன்.

“இன்னாத்துக்கு இம்மாம் சவுண்டு? கம்மி பண்ணுங்க” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

“கம்மி பண்ணா உனுக்குக் கேக்காதே!” என்று கத்தினேன்.

“நீங்க கத்தனாதான் எனுக்குப் புரியல. மெதுவா பேசனா புரியுது.”

ஆம்ப்ளிஃபயரில் முழுதாகத் திருகி வைத்திருந்த, ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் குறைத்தேன். கரகரப்பு நின்று, மகளின் குரல் தெளிவாக வந்தது. மனைவி கண்ணை மூடிக் கேட்டாள்.

இப்போது அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. நான் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன். என் உதட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள்.