மரூன் சட்டைக்காரன்

2005, 2006 வாக்கில் ரங்கூனில் நடந்தது இது. ஊர்ப் பெயரை யாங்கோன் என்று மாற்றி வெகுநாளாகியும் எங்கள் வீட்டுப் பேச்சில் அது ரங்கூன்தான். அப்போது லைங் தாயாவில் ஒரு துணி ஆலையில் கிளார்க்காக இருந்தேன். வேலை நாட்களில் காலையில் ஆலை வண்டி தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் லான்மடாவில், ஒரு எலெக்ட்ரிக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொடுத்த பர்மியருக்கு என் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாத்தியார் என்பதால் 'சயா' என்றே கூப்பிடுவோம். மனிதருக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். ஆளைப் பாட்டிலுக்குள் அடைப்பது, தலையை மாற்றி ஒட்டுவது, பூனைக்கு மீசைக்காரர் முகத்தை வைப்பது என்று எங்களைச் சிரிக்க வைத்தே பாடத்தை நடத்திவிடுவார். கரண்ட் இருந்தால் வகுப்பு. போனால் எல்லோரும் கீழே டீக்கடையில்.

அப்படி ஒரு நாள் டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னை சயா படம் எடுத்தார். அடுத்த பாடத்துக்கு அதையே வைத்துக்கொண்டேன். ஒருவனை இருவராக்குவதுதான் பாடம். என் உருவத்தைப் பிரதியெடுத்து, இடம் வலமாகத் திருப்பி எதிரில் உட்காரவைத்தேன். நீலச் சட்டை போட்ட நானும் எதிரில் இருந்த நானும் டீ கப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. எதிரில் இருந்தவனுக்கு மரூன் சட்டை மாட்டினேன். உதட்டோரத்தை லேசாக இழுத்து, சிரிப்பைக் கொஞ்சம் கூட்டினேன். சயா அதைப் பார்த்துவிட்டு, உன்னைவிட அவன்தான் பார்க்க நன்றாக இருக்கிறான் என்றார்.

பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்துப் படத்தை முன்னால் நீட்டினேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்தார். பிறகு மரூன் சட்டைக்காரன் மேல் விரலை வைத்தார்.

"இவன எங்கப்பா பாத்தே?"

அதுவும் நான்தான், கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

"நீ இல்ல. ஒனக்கு மச்சம் எடது கன்னத்துல. இவனுக்குப் பாரு, சோத்துக்கைப் பக்கம். அவனுக்கு அங்கதான் இருந்துச்சு."

"எவனுக்கும்மா?" என்று கேட்க எனக்கே பயமாக இருந்தது.

நான் தனியாகப் பிறக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா ரங்கூனுக்குப் பக்கத்தில் த்வாண்டேயில் பானை வியாபாரம் செய்துகொண்டிருந்த காலத்தில் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். எனக்கு இடது கன்னத்தில் மச்சம், அவனுக்கு வலது கன்னத்தில். யாருக்குப் பால் கொடுத்தோம் என்று அம்மா அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாராம். பெயர் வைக்கும் முன்பே அவன் காய்ச்சலில் போய்விட்டான். கால்வாய்க் கரையோரம் புதைத்திருக்கிறார்கள். ஜோடி இருந்த சேதி இருப்பவனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் போனவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கட்டளையே போட்டிருந்தார்களாம். அப்பா சாகும்வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரட்டை வாழைப்பழத்தை அம்மா ஏன் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படத்தைத் திருப்பினால் மச்சமும் பக்கம் மாறத்தான் செய்யும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் இருந்ததே தெரியாத ஒருவனுக்கு, அவன் மச்சத்தைச் சரியாக அவன் பக்கத்தில் வைத்து, வளர்ந்த ஆளாக்கி உட்காரவைத்திருக்கிறேனே, அதற்கு என்ன விளக்கம் சொல்ல?

மறுநாள் காலை அம்மா வாசலை மறித்து நின்றுகொண்டார். "அவன் வந்துட்டான். ஒன்ன வெளிய விட மாட்டேன்" என்றார். ஆலை வண்டி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. இனியும் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று ஆலையிலிருந்து தகவல் வந்தது. என் ஒருவன் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவோ சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. என் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த அந்தப் படத்தைக் கடக்கும்போது காலை எட்டிப் போட்டேன்.

கிழித்துப்போடட்டுமா என்று கேட்டேன்.

"ஒருவாட்டி மண்ணுல வச்சாச்சு. இன்னொருவாட்டி என்னால முடியாதுப்பா" என்றார் அம்மா. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறதுதான் ஆகாது. அவன் இருக்கட்டும். நீ அங்கேருந்து எந்திரிச்சு வந்துரு."

அன்று மதியமே இருவரும் லான்மடாவுக்குப் போனோம். மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்ததால் மேல்மாடி மங்கலாகக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். எதற்கும் சிரிக்கிற சயா சிரிக்கவில்லை. தன் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

பக்கத்துச் சுவரின் துண்டுகளை எடுத்து என் உருவத்தின் மேல் வைத்து வைத்து என்னை மூடவேண்டும், அவ்வளவுதான் வேலை. கால் போனது. ஸ்டூல் போனது. டீ கப் வைத்திருந்த கையும் போனது. என்னை நானே அழிப்பது இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. கழுத்துவரை வந்திருப்பேன், பட்டென்று கரண்ட் போய்விட்டது.

மின்விசிறியும் நின்றுவிட்டது. அந்த இருட்டில் ஒரு கை என் முகத்தைத் தடவியது. பதறிவிட்டேன். அம்மாவின் கைதான். இடது கன்னத்தில் மச்சத்தைத் தேடிப் பிடித்து, அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் திரும்ப வரும்வரை அந்த விரல் அங்கிருந்து நகரவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டுப் படத்தைத் திறந்தோம். பதற்றத்தில் நான் சேவ் செய்ய மறந்திருந்தேன். நீலச் சட்டையோடு, டீ கப்போடு, கால் முதல் தலைவரை முழுசாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"நீ போக மாட்டேங்கற. அவனும் ஒன்னக் கூட்டிட்டுப் போக வரல" என்றார். "சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கான்."

இருந்தாலும் சொன்னது சொன்னதுதான், இருவரும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றார். மறுபடி முதலிலிருந்து என்னை அழித்தேன். கடைசியாக முகத்தை மூடும்போது அம்மா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிண்டில் மரூன் சட்டைக்காரன் மட்டும் தனியாக, வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அம்மாவே சோற்றுக் கேரியரைக் கையில் கொடுத்து ஆலை வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தப் படத்துக்கு மாலையோ பொட்டோ வைக்கவில்லை. வருகிறவர்கள் நான் செத்துப்போனதாக நினைத்துக்கொள்வார்களே என்று, தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்து டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

எனக்கு உறைத்தது அதற்கும் கொஞ்ச நாள் கழித்துத்தான். சவரம் செய்ய நின்றபோது கண்ணாடிக்குள் இருந்தவனுக்கு மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. எத்தனையோ வருடங்களாக அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. என் முகம் என்று இத்தனை காலம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் முகத்தை. முதலில் பயந்துபோய்க் கண்ணாடியைத் திருப்பிக்கூட வைத்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. பெயர்கூட வைக்கப்படாமல் போன ஒருவனுக்கும் சேர்த்துத்தான் வயதாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, தினமும் அவன் முகத்தையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.