ட்ராக் பாடிய பாண்டியம்மாள்

பகல் ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தபோது ரவிசங்கர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தான். சிம்மக்கல்லில் அவனுடைய ஒலிப்பதிவு அறைக்குக் கீழே பழக் கமிஷன் கடைகள். காலை முழுவதும் லாரிச் சத்தம், ஏலச் சத்தம். மதியம் கொஞ்ச நேரம்தான் மைக்கைத் திறக்க முடியும். அன்று இரண்டு மணிக்குப் பாண்டியம்மாள் வருவதாக இருந்தது. ஒரே ஒரு வரியைத் திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

“அண்ணே, நல்லகாமன் பேசுறேன். பாண்டியம்மா போயிட்டாண்ணே.”

“எங்க போச்சு? ரெண்டு மணிக்கு வாரேன்னு சொல்லிவிட்டுச்சே.”

மறுமுனையில் பெண்கள் அழுவது மட்டும் கேட்டது. காய்ச்சல் என்று நாலைந்து நாளாக அவள் வரவில்லை. இன்றைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் காலையில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

பாண்டியம்மாளின் வேலைக்கு ட்ராக் பாடுவது என்று பெயர். ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு, மாலை போடும் மாதத்துக்கு ஐயப்பன் பாட்டு என்று ஒலிநாடா போடுகிறவர்கள் ரவிசங்கரிடம் வருவார்கள். அட்டையில் பெயர் போடப்போகிற பாடகி கடைசி நாளில்தான் வருவார். அதுவரை மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு குரல் வேண்டும். பாடகி அதைக் காதில் கேட்டு அதே போலப் பாடிவிட்டுப் போவார். பிறகு முதல் குரலை எடுத்துவிடுவார்கள்.

அவள் வண்டியூருக்கு அப்பால் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு மெல்லிசைக் குழுவில் திருவிழாக்களில் பாடியிருக்கிறாள். பிள்ளை பிறந்த பிறகு ராத்திரிக் கச்சேரி சரிப்படவில்லை. சிம்மக்கல்லிலேயே ஒரு மசாலாக் கிட்டங்கியில் மிளகாய்த்தூள் பொட்டலம் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மாடியேறி வந்து பாடிவிட்டுப் போவாள். படியேறும்போதே தும்மல் கேட்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஹெட்போனைத் தொடக் கூடாது என்று ரவிசங்கர் சட்டமே போட்டிருந்தான். ஒருமுறை மறந்து தொட்டுவிட்டாள். அடுத்துப் பாட வந்தவள் ஒலிநாடாவுக்குப் பணம் போட்டவரின் மகள். பல்லவி முடிவதற்குள் காது எரிகிறது என்று குதித்தாள்.

“அம்மன் பாட்டுல்ல? காது எரியத்தேன் செய்யும்” என்றாள் பாண்டியம்மாள், படியில் இறங்கிக்கொண்டே.

பெரும்பாலும் அவள் பாடும் நேரத்தில் பாட்டுக்கு வார்த்தையே வந்திருக்காது. மெட்டுப் போடுகிற பீமாராவ் கீபோர்டில் வாசித்துக் காட்டுவார். தன்னன்னா என்று பாடினால் போதும். ஆனால் அவளுக்குத் தன்னன்னாவில் மனம் நிற்காது. அந்த நேரத்தில் எது கவலையோ அதை மெட்டுக்குள் அடைத்துவிடுவாள். ‘ரேசன் கடையில மண்ணெண்ண இல்லையே, மாமனக் கேட்டாக்க மண்டைய ஆட்டுறான்’ என்று உச்சத்தில் போய் நிற்பாள். பீமாராவ் கட்டையை விட்டுக் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார். பிறகு அதே இடத்தில் கருமாரியோ மீனாட்சியோ வந்து உட்காருவாள்.

நன்றாக வந்துவிட்டால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ரவிசங்கர் “சொக்கட்” என்பான். அவன் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதில் சொக்கட் என்றால் நல்லது என்று பொருள். தமிழில் பாராட்ட அவனுக்கு வாய் வராது. அவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் பாட்டு முடியாது. “சொக்கட்டா, இல்லையாண்ணே? சொல்லுங்க, பொட்டலம் கெடக்கு.”

கருமாதிக்கு ஐந்து நாள் இருந்தபோது ரவிசங்கர் வண்டியூருக்குப் போனான். அவள் புருஷன் நல்லகாமன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பை நிறைய ஒலிநாடாக்கள்.

“அம்புட்டையும் போட்டுக் கேட்டுட்டேன்ணே. ஒண்ணுலயும் அவ இல்ல. அட்டையில வேற பேரு போட்டிருக்கு.”

ரவிசங்கர் ஒரு நாடாவை எடுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

“ஆடி மாசம் கோயில் குழாயில பாட்டுப் போட்டா, எம் பொண்டாட்டி பாடுனதுடான்னு வண்டிய நிறுத்திக் கேப்பேன். கொரலு வேற மாதிரி இருக்கேடின்னா, மெசினுல அப்பிடித்தேன் வரும்னுவா. நானும் நம்பிட்டேன். கூறுகெட்டவென்.” பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: “அப்ப, அவ பாடுனதெல்லாம் எங்கண்ணே?”

அழித்துவிட்டோம் என்பதுதான் பதில். கடைசிப் பாட்டையும் பாடகி வந்து பாடியாயிற்று, அதன் ட்ராக்கும் போயிருக்கும் என்று நினைத்தான். “பாக்குறேன்” என்றான் ரவிசங்கர்.

“பாருங்க. கருமாதியில போட ஒரு பாட்டாச்சும் கெடச்சாப் போதும். வேற யாருகிட்டப் போயிக் கேப்பேன்? சொக்கட் அண்ணேங்கிட்டத்தேன் இருக்கும்னு வந்தவககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்.”

“சொக்கட் அண்ணனா?”

“வீட்டுல உங்களுக்கு அதான பேரு. தெரியாதா?”

அறைக்குத் திரும்பி முதலில் பழைய சிடிகளை எடுத்தான். பாட்டுகளின் புராஜெக்ட், அதாவது எந்தக் குரல் எங்கே வரும் என்ற வரைபடம், எல்லாம் அவற்றில் இருந்தன. திறந்தால் வரிசையாகப் பெயர்கள் வந்தன, ஒலி தெரிய வேண்டிய கோடுகள் வெறுமையாக இருந்தன. ‘ஒலிக் கோப்பு எங்கே?’ என்று கணினி திரும்ப அவனையே கேட்டது. புராஜெக்டுக்குள் இருப்பது குரலின் விலாசம் மட்டும்தான். குரல் வேறொரு போல்டரில் கிடக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் அது தெரியாமல் விலாசத்தை மட்டும் சிடியில் ஏற்றிவிட்டு ஆளைப் பத்திரப்படுத்தியதாக நினைத்திருந்தான்.

பிறகு ஹார்ட் டிஸ்கில் தேடினான். பாண்டி என்று தேடினால் எதுவும் இல்லை. ட்ராக் என்று தேடினாலும் இல்லை. இருக்காது. இடம் போதாமல் போகும்போதெல்லாம் ட்ராக் என்று பெயருள்ள கோப்புகளை மொத்தமாக வரவழைத்து அழித்தவன் அவன்தான்.

கணினியை அணைக்கப் போனவன் நின்றான். நல்லகாமன் சொன்ன பெயர் நினைவுக்கு வந்தது. தேடும் இடத்தில் ஆங்கில எழுத்தில் சொக்கட் என்று அடித்தான்.

ஒன்பது கோப்புகள் வந்தன. பாடியது நன்றாக வந்தபோது வாய் சொன்னதையே சில சமயம் கை பெயராக அடித்திருக்கிறது. பெயர் மாறிப்போனதால் அவை அழிப்பில் சிக்கவில்லை.

ஒவ்வொன்றும் வெவ்வேறு புராஜெக்டுக்கு உரியது. அவளுக்கென்று புதிதாக ஒன்றைத் திறந்து, குரலையும் பீமாராவின் கீபோர்டையும் ஒவ்வொன்றாக அதற்குள் கொண்டுவந்தான். முதல் பாட்டு சரியாக வந்தது. இரண்டாவதில் கீபோர்டு முன்னால் ஓடியது, அவள் பின்னால் வந்தாள். கீபோர்டின் ஸ்வரங்கள் புதிய புராஜெக்டின் வேகத்தைப் பிடித்துக்கொண்டன. பதிவான குரல் அப்படி மாறாது, பாடிய வேகத்திலேயேதான் நிற்கும். பழைய புராஜெக்டுகளின் வேகத்தைப் பார்த்து, பாட்டுக்குப் பாட்டு புதியதில் மாற்றி வைத்தான். இரண்டு மதியங்கள் அந்த வேலையில் போயின. ஒன்பதில் எதிலும் சாமி பெயர் இல்லை. மண்ணெண்ணெய் இருந்தது, மகனுக்குச் செருப்பு வாங்க வேண்டியது இருந்தது, கிட்டங்கி முதலாளியின் முன்கோபம் இருந்தது.

சிடியைக் கொடுக்கும்போது எச்சரித்தான்: “நல்லகாமா, இது சாமிப் பாட்டு மெட்டு. ஆனா வார்த்தை அப்பிடி இல்ல. காரியத்துல போடலாமான்னு நீங்களே கேட்டுப் பாத்துக்கங்க.”

“அவ கொரலுதானண்ணே?”

“அவ கொரலுதான்.”

“அப்பப் போடுவோம்.”

கருமாதியன்று வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் அதைப் போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதலில் பேசிக்கொண்டேயிருந்தார்கள். மண்ணெண்ணெய் வரியில் பேச்சு நின்றது. மாமனைக் கேட்டால் மண்டையை ஆட்டுகிறான் என்றதும் அவளுடைய நாத்தனார் மாயக்காள் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபடி, “அண்ணே, உன்னத்தேன் சொல்றா” என்று சிரித்தாள். சிரித்த வாயோடு வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நல்லகாமன் குழாயைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஒன்பதாவது கோப்பு அவள் கடைசியாக வந்த நாளில் பாடியது. அதுவரை நன்றாக வந்து, சரணத்தின் கடைசி வரியில் மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. பாட்டு முடிந்தும் பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் பேச்சும் அதில் இருக்கிறது: “அண்ணே, கடைசியில எறங்கிருச்சுல்ல? அழிச்சிராதீங்க. நாளைக்கு வந்து அந்த ஒத்த வரிய மட்டும் மாத்திப்புடுறேன்.”

இறங்கிய சுருதியை ஏற்றிவிட மென்பொருளிலேயே வழி இருக்கிறது. சின்ன வேலைதான். அந்த வரி இன்னும் மாற்றப்படவில்லை.