ஆடி போகட்டும் என்று நிறுத்திய பாலிசி

சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இருபத்திரண்டு வருடம் ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் டார்கெட்டை எட்டுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நான் டார்கெட்டை எட்டிய ஒரு வருடத்தைச் சொல்கிறேன்.

1. மூன்று பேர், மூன்று யோசனை

பழனிசாமி அண்ணன் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அவர் மனைவி சரசு அக்காவுக்கும் பதினொரு வருடமாக என்னிடம்தான் பாலிசி. அக்காவுக்குச் சுகர், பிபி இரண்டும் உண்டு. வருடங்கள் ஓடிவிட்டதால் அவற்றுக்குப் பணம் தராமல் காக்க வைக்கும் வெயிட்டிங் பீரியட் எப்போதோ முடிந்து, எல்லாவற்றுக்கும் கவர் இருந்தது.

அந்த வருடம் பிரீமியம் ஒரேயடியாக ஏறிவிட்டது. அண்ணன் மஞ்சள் பை நிறைய நோட்டீசோடு வந்தார்.

"ஏனுங் அம்மிணி, பையன் ஒண்ணச் சொல்றான், மருமகன் ஒண்ணச் சொல்றாரு, பேங்க்ல இன்னொண்ணு. கோ-பே, டாப்-அப்னு எனக்கு ஒரு எழவும் புரியலீங்க. இதையே கட்டுனா பென்சன்ல மூணு மாசம் போயிருமே!"

மூன்றையும் பார்த்து, என்னிடம் உள்ளதில் விலை குறைந்த ஒன்றைக் காட்டினேன். பழசை அப்படியே புதுக் கம்பெனிக்கு மாற்றும் போர்ட்டிங்குக்கு நாள் கடந்துவிட்டது. அதனால் புது பாலிசியாகத்தான் எடுக்க வேண்டும்.

"செரி, எடுத்துக்கலாம். ஆனா ஆடி பொறக்கப் போவுது. ஆஸ்பத்திரி சமாச்சாரத்த ஆடியில புதுசாத் தொடங்க வேண்டாம்ங்கறா சரசு. ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்துப் போட்டுக்கலாமுங்களா?"

பழைய பாலிசிக்குத் தவணை ஆனி கடைசியில். கூடுதலாகக் கொடுக்கும் முப்பது நாளும் ஆடிக்குள்ளேயே முடிந்துவிடும். "அண்ணா, எப்பாடு பட்டாவது பழசையே கட்டிருங்க, அக்காவுக்கு வெயிட்டிங் முதல்லருந்து ஆரம்பிச்சிரும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வருடம் டார்கெட்டுக்குப் புது பாலிசி ஒன்று குறைந்தது.

"செரிங்கண்ணா, ஆவணியிலயே போட்டுக்கலாம்" என்றேன். பாவி.

2. கார்த்திகை

சரசு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் கவுண்ட்டரில் அண்ணனோடு நானும் நின்றேன்.

"மேடம், பாலிசி போட்டு மூணு மாசந்தான் ஆவுது. சுகர், பிபி முன்னாடியே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. மூணு வருஷம் வெயிட்டிங். ரிஜெக்ட் ஆயிருச்சு" என்றாள் அங்கிருந்த பெண்.

அரசுக் காப்பீட்டு அட்டைக்கு மகனின் சம்பளம் தடையாக இருந்தது. செலவு குறைவான வேறோர் இடத்தில் தை மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். மாத்திரையோடு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அக்கா மார்கழியிலேயே போய்விட்டார்.

எழவு வீட்டில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன பண்ணுவ அம்மிணி. ஆடின்னு சொன்னது நாங்கதான."

3. ரினிவல்

அடுத்த வருடம் அவருக்குத் தவணை ஆவணியில்தான். ஆடி முதல் தேதி காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கே கட்டிரு அம்மிணி. அவ பேர எடுத்துரு. ஒருத்தருக்குன்னா கம்மியாத்தான வரும்?"

"ஆமாங்கண்ணா, கம்மிதான்."

பெயரை நீக்கும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'மரணம்' என்று எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் டார்கெட்டையும் மறைக்கவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் அந்தப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, சரசு ஆடியாவது ஒண்ணாவதுன்னு கட்டச் சொல்லியிருப்பா, அம்மிணி. நீ சொன்னா அவ கேப்பா."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. இப்போது மகன் ஆன்லைனில் கட்டுகிறான்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வயதானவர்கள் பழைய பாலிசியை விடுகிறேன் என்றால், உங்களுக்கு நஷ்டமானாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.