எலிக்குட்டி பால் மறக்கும் நேரம்

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓசூருக்கு வேலை மாறிப் போனபோது, ஒரு வெள்ளை எலியைக் கூண்டோடு என்னிடம் விட்டுப் போனார்கள். அதன் சோடி அப்போதுதான் செத்துப்போயிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே வராது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கூண்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுன்னா சரி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு காலையில், கூண்டுக்குள் நான் பரப்பியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே சிவப்பாக ஏதோ நெளிந்தது. எட்டுக் குட்டிகள். மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. தோல் அவ்வளவு மெல்லியது, குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. வேலைக்கு நேரமானதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, பிரசவ ஆஸ்பத்திரியா நடத்துற?" என்றார் வீட்டுக்கார அம்மா. "சரி, பச்சக் குட்டிங்க, இருந்துட்டுப் போவட்டும். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேந்து இன்னொரு ஈத்து போட்டுச்சுன்னா, கூண்டோட நீயும் கெளம்பிடு."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். தனியாக இருக்கும் பொம்பளைக்கு விழுப்புரத்தில் வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் பிரித்தால் குட்டிகள் செத்துவிடும், தாமதித்தால் வீடு போய்விடும். எப்போது பிரிப்பது?

எனக்குத் திண்டிவனத்தில் வேலை. ஒரு கொட்டகையில் உடைத்த மல்லாட்டையில் சொத்தையும் சுருங்கலும் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். காலை ரயிலில் கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டே வருவார்கள், நான் ஜன்னலோரம் கேட்டுக்கொண்டே வருவேன். அன்றைக்கு நானே வாயைத் திறந்தேன்.

"எலிக்குட்டிக்கு எப்போ பால் மறக்கடிக்கணும்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேப்பெண்ண தடவி வுடுக்கா. எம் பையனுக்கு அப்டித்தான் மறக்கடிச்சேன்" என்றாள் எதிரில் இருந்தவள்.

"எலிக்கு எத்தினி காம்பு இருக்குன்னு பாத்தியா? பாட்டிலு பாட்டிலா வேணும்டி!"

"சிரிக்காதீங்கடி, அந்தக்கா பேசுறதே அதிசயம்" என்று அவர்களை அடக்கிய இன்னொருத்தி, என் பக்கம் திரும்பினாள். "பல்லு மொளச்சி மல்லாட்டய கடிக்குதான்னு பாருக்கா. கடிச்சா அப்புறம் பாலு எதுக்கு?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. நாளாக நாளாகக் குட்டிகளுக்கு மயிர் முளைத்தது, கண் திறந்தது. கண் திறந்த கையோடு ஒன்று மல்லாட்டைத் துண்டைக் கரண்டுவதைப் பார்த்தேன். எட்டையும் அள்ளி, மல்லாட்டைத் துண்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் துண்டுகள் அப்படியே கிடந்தன. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. தாய் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. கடித்துப் பார்ப்பது வேறு, தின்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, பயந்துகொண்டே குட்டிகளைக் கூண்டில் விட்டேன். தாய் ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டு, மேலே படுத்துக்கொண்டது.

அதன்பிறகு தாயையே கவனித்தேன். சில நாளில் அது குட்டிகளை விட்டு நழுவப் பார்த்தது. அவை பின்னாலேயே வந்து முட்டினால் வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொள்ளும். அப்போது குட்டிகள் முனகிவிட்டு மல்லாட்டைக்கே போகும், தண்ணியும் தானாகக் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, மீன் தொட்டியும் பறவையும் விற்கிற கடைக்குப் போனேன். கூட்டம் கலையும்வரை வாசலில் நின்றேன்.

"மூணு வாரம் பால் குடிக்கட்டுங்க. நாலு வாரம் தாண்ட வுடாம ஆணுங்கள மட்டும் தனியா எடுத்துடுங்க" என்றார் கடைக்காரர். "பொட்டைங்க ஆத்தாகூடவே இருக்கலாம்."

மகள்களைப் பிரிக்கவே வேண்டாம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எது ஆண் என்று எப்படிக் கேட்பது? கூச்சத்தில் நான் தரையைப் பார்க்க, அவரே கடையிலிருந்த ஒரு எலியின் வாலைத் தூக்கிக் காட்டினார். "கீழ ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இடவெளி ஜாஸ்தியா இருந்தா ஆணு. ஆணுங்கள எங்கிட்டயே குடுத்துடுங்க."

மூன்று வாரம் நன்றாகத் தாண்டியதும், கொட்டகையில் பொறுக்குவதுபோலவே பொறுக்கினேன். மூன்று ஆண் பக்கெட்டுக்குப் போயின. ஐந்து பொட்டை கூண்டிலேயே இருந்தன.

"எப்டிடி கண்டுபுடிச்ச?" என்று மாடியேறி வந்தார் வீட்டுக்கார அம்மா. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் வாலைத் தூக்கிக் காட்டினேன்.

"குடு இப்டி." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூண்டிலிருந்த பொட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். நாலாவதில் நின்றார். "இது இன்னாடி? இவன் யாரு?"

ஆண்தான்.

"தெனம் மல்லாட்ட பொறுக்குறவதான நீ? இது கண்ணுல படலயா?" என்று அவரே அதைப் பக்கெட்டில் போட்டார். "ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"தெரியலம்மா."

நாலு ஆணையும் கடைக்காரரிடம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும், முட்டிவலியோடு அவர் தினமும் மாடியேறி வந்தார். இருவரும் குனிந்து, தாய் வயிற்றையும் மகள்கள் வயிற்றையும் பார்ப்போம். வாரங்கள் போயின, எந்த வயிறும் பெருக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார் ஒருநாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று அவர் குரலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் மாடியேறி வந்தார், கையில் வேகவைத்த மல்லாட்டையோடு.